மூன்று சிக்மாவின் எடை: கே2-18 பி கோளின் நிறமாலையை வாசித்த விதங்கள்

கேள்வி

2025 ஏப்ரல் நடுவில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வெளியிட்ட அறிக்கை ஒன்று சில மணி நேரத்தில் உலகச் செய்தியானது. சிம்ம விண்மீன் கூட்டத்தில், சுமார் 124 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது கே2-18 பி என்ற கோள். அதன் வளிமண்டலத்தில் டைமெத்தில் சல்ஃபைடு, அல்லது அதன் உறவான டைமெத்தில் டைசல்ஃபைடு, அல்லது இரண்டுமே இருப்பதற்கான அறிகுறி ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் தரவில் தெரிவதாக அந்த அறிக்கை சொன்னது. பூமியில் டைமெத்தில் சல்ஃபைடைப் பெருமளவில் உண்டாக்குபவை கடலில் மிதந்து வாழும் நுண்பாசிகள். கடற்காற்றின் வாடையில் அதற்கும் பங்குண்டு. ஆய்வுக் குழுவின் தலைவர் நிக்கு மதுசூதன் வாரணாசியில் பொறியியல் படித்து, எம்ஐடியில் முனைவர் பட்டம் பெற்றவர். எனவே இந்திய ஊடகங்களில் செய்தி இன்னும் சூடாக ஓடியது.

செய்திகளில் அதிகம் புழங்கிய எண் ‘மூன்று சிக்மா’. அதைப் பல இதழ்கள் ‘99.7 விழுக்காடு உறுதி’ என்று பெயர்த்தன. ஒரு மாதத்துக்குள் அதே தரவை எடுத்துப் பார்த்த வேறு குழுக்கள், அங்கே எந்த மூலக்கூறின் தடமும் உறுதியாக இல்லை என்று எழுதின. தொலைநோக்கியும் கோளும் ஒன்றுதான். கோள் தன் விண்மீனின் முன்னே ஒருமுறை கடந்தபோது பதிவான ஒளியும் ஒன்றுதான். அப்படியிருக்க முடிவுகள் எப்படி எதிரெதிராக வந்தன?

வேற்றுக்கோளில் உயிர் உண்டா என்பதை இக்கட்டுரை ஆராயவில்லை. அந்த மூன்று சிக்மா எதை அளந்தது என்பதே இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி. இக்கோளின் பத்தாண்டுக் கால ஆய்வு வரலாற்றைப் பார்த்தால், 2025இன் சர்ச்சை திடீரென்று முளைத்ததல்ல என்பது தெரியும். ஏறத்தாழ இதே வாதம் இதே கோளை வைத்து 2019இலும் நடந்திருக்கிறது.

முடமான தொலைநோக்கியின் கண்டுபிடிப்பு

கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி 2009இல் ஏவப்பட்டது. அதைத் திசை பிசகாமல் நிறுத்தி வைத்த நான்கு சுழல் சக்கரங்களில் ஒன்று 2012இலும் இன்னொன்று 2013இலும் செயலிழந்தன. மிச்சமிருந்த இரண்டோடு சூரிய ஒளியின் அழுத்தத்தையே மூன்றாவது பிடிமானமாகக் கொண்டு தொலைநோக்கியை நிலைநிறுத்தப் பொறியாளர்கள் வழி கண்டார்கள். ‘கே2’ என்று பெயரிடப்பட்ட இந்த இரண்டாம் பணி 2014இல் தொடங்கி, எரிபொருள் தீர்ந்த 2018 வரை நடந்தது. கே2-18 பி அதில் கிடைத்த கோள். அதன் விண்மீன் சூரியனைவிடச் சிறிய, குளிர்ந்த செங்குறுமீன். கோள் அதைச் சுற்றிவர ஏறக்குறைய 33 நாள் ஆகிறது. பூமியைப் போல 2.6 மடங்கு ஆரமும், சுமார் 8.6 மடங்கு நிறையும் கொண்டது.

கெப்ளர் இந்த விண்மீனைத் தொடர்ந்து பார்த்த காலத்தில் கோள் அதன் முகத்தை இரண்டே முறை கடந்தது. இரண்டு புள்ளிகளை வைத்துப் போட்ட கணக்கு சரிதானா என்று அறிய, ஸ்பிட்சர் அகச்சிவப்புத் தொலைநோக்கி மூன்றாவது கடப்புக்காகக் காத்திருந்தது. கோள் கடந்தது, ஆனால் முன்கணிப்பிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் விலகி. பியோன் பென்னெக்கே தலைமையிலான குழு 2017இல் இதை விளக்கியபோது, கெப்ளர் தரவில் கவனிக்கப்படாமல் போன ஒரு பிழைப்புள்ளியே காரணம் என்று தெரிந்தது. அது திருத்தப்படாமல் இருந்திருந்தால், பின்னாளில் ஹபிள், வெப் தொலைநோக்கிகள் தவறான நேரத்தில் இக்கோளைத் தேடியிருக்கும். விண்வெளித் தரவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் ஒற்றைப் புள்ளி அதைக் கோணலாக்கிவிடும் என்ற பாடம் இந்தக் கோளின் பிறப்புச் சான்றிதழிலேயே இருக்கிறது.

ஒளிக்குறைவிலிருந்து வேதியியல்

கோள் தன் விண்மீனின் முன்னால் வரும்போது ஒளி சற்றே குறையும். கே2-18 பி கடக்கும்போது குறைவது ஏறத்தாழ 0.3 விழுக்காடு. கோளைச் சுற்றிய காற்றின் விளிம்பு வழியாக விண்மீன் ஒளியின் மிகச்சிறு பங்கு ஊடுருவி வருகிறது. அந்தக் காற்றில் மீத்தேன் இருந்தால், மீத்தேன் விழுங்கும் அலைநீளங்களில் கோள் துளி பெரிதாகத் தோன்றும். ஒவ்வோர் அலைநீளத்திலும் மறைப்பு எவ்வளவு என்று வரிசையாகக் குறித்தால் கிடைப்பது கடப்பு நிறமாலை. அதில் தெரியும் மேடுபள்ளங்கள் பத்து லட்சத்தில் சில பத்துகள் முதல் சில நூறுகள் வரையிலான மாற்றங்களே.

தொலைநோக்கி நேரடியாக நிறமாலையைத் தருவதில்லை. உணர்கருவியில் விழுந்த ஒளியின் எண்ணிக்கையைத்தான் தருகிறது. அதிலிருந்து நிறமாலைக்கு வருமுன் ஆய்வாளர் பல முடிவுகளை எடுக்க வேண்டும். வெப்பின் நடு அகச்சிவப்புக் கருவியில் கண்காணிப்பு தொடங்கியவுடன் அளவீடு கொஞ்ச நேரம் நிலைகொள்ளாமல் நகரும். அந்தத் தொடக்கப் பகுதியில் எவ்வளவை ஒதுக்குவது? நகர்வை எந்தக் கோட்டால் சரிசெய்வது? அலைநீளங்களை எவ்வளவு அகலக் கட்டங்களாகச் சேர்ப்பது? ஒவ்வொரு குழுவும் இதற்கெனத் தனி மென்பொருள் வைத்திருக்கிறது. நிறமாலை தயாரான பிறகு இரண்டாவது அடுக்கு தொடங்குகிறது. வெப்பநிலை, அழுத்தம், முகில், வாயுக்களின் அளவு ஆகியவற்றைக் கொண்ட பல லட்சம் கற்பனை வளிமண்டலங்களைக் கணினியில் உருவாக்கி, எது அளவீட்டோடு பொருந்துகிறது என்று பார்க்கிறார்கள். இந்த இரண்டாவது அடுக்கில்தான் சர்ச்சையின் வேர் இருக்கிறது.

2019: நீராவி என்ற முதல் வாசிப்பு

2019 செப்டம்பரில் இரண்டு குழுக்கள் அடுத்தடுத்து ஒரே அறிவிப்பை வெளியிட்டன: கே2-18 பியில் நீராவி. ஒன்று பென்னெக்கேயின் குழு. மற்றது லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் ஏஞ்சலோஸ் சியாராஸ் குழு. ஹபிள் கண்காணிப்பைத் திட்டமிட்டு நேரம் வாங்கியது பென்னெக்கேயின் குழு. காப்பகத்தில் பொதுவுக்கு வந்துவிட்ட அதே தரவைக் கொண்டு லண்டன் குழு தன் முடிவுக்கு வந்தது. யாருக்கு முதலிடம் என்ற புகைச்சல் இருந்தாலும், இரண்டு தனிக் கைகள் ஒரே முடிவைத் தொட்டது அன்று பெரிய உறுதியாகத் தோன்றியது.

ஆனால் ஹபிளின் கருவி பார்த்தது 1.1 முதல் 1.7 மைக்ரான் வரையிலான குறுகிய சாளரத்தை. அதில் 1.4 மைக்ரானை ஒட்டி ஒரு மேடு தெரிந்தது. நீராவி அங்கே ஒளியை விழுங்கும். மீத்தேனும் ஏறத்தாழ அங்கேயே விழுங்கும். பிரான்ஸைச் சேர்ந்த புரூனோ பெசார் குழு, இவ்வகைக் கோளில் மீத்தேனே மேலோங்கி நிற்க வேண்டும், அந்த மேடு மீத்தேனுடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று வாதிட்டது. அப்போது அந்த வாதம் பெரிதாகக் காதில் விழவில்லை.

வெப் வந்து சேர்ந்தது. 2023 செப்டம்பரில் மதுசூதன் குழு வெளியிட்ட அண்மை அகச்சிவப்பு நிறமாலையில் மீத்தேன் ஐந்து சிக்மா வலுவோடு தெரிந்தது. கார்பன் டைஆக்சைடு மூன்று சிக்மா அளவில் தெரிந்தது. நீராவி உறுதிப்படவில்லை. ஹபிள் அளந்ததில் குற்றமில்லை. அந்த மேடு உண்மையானதுதான். அது யாருடையது என்று சொன்னதில்தான் பிழை. இரண்டு குழுக்கள் ஒத்துப்போனது ஏன் என்பதும் இப்போது விளங்குகிறது. இருவரும் ஒரே சாளரத்தின் வழியே பார்த்து, ஏறக்குறைய ஒரே அனுமானங்களைச் சுமந்திருந்தார்கள். தனித்தனியாகச் செய்த பகுப்பாய்வு என்பது தனித்தனியான சான்று ஆகிவிடாது.

கடலா, எரிகுழம்பா, வாயுவா

2021இலேயே மதுசூதனும் அவருடைய மாணவர்களும் ‘ஹைசியன்’ என்ற கோள் வகையை முன்மொழிந்திருந்தார்கள்: மேலே ஹைட்ரஜன் நிறைந்த காற்று, அடியில் உலகளாவிய கடல். 2023இன் நிறமாலையில் மீத்தேனும் கார்பன் டைஆக்சைடும் இருந்து அம்மோனியா இல்லாதது அந்தச் சித்திரத்துக்குப் பொருந்தியது. அம்மோனியா கடலில் கரைந்து மறைந்திருக்கலாம் என்றார்கள்.

மறுப்பு அதே கேம்பிரிட்ஜிலிருந்தே வந்தது. ஆலிவர் ஷார்ட்டில் குழு 2024இல் காட்டியபடி, அடியில் உருகிய பாறைக்குழம்பு இருந்தாலும் நைட்ரஜன் அதில் கரைந்துபோகும். அம்மோனியா காணாமல் போகக் கடல் கட்டாயமில்லை. நாசாவின் நிக்கலஸ் வோகன் குழுவோ, தரைப்பரப்பே இல்லாத, வாயு மிகுந்த குட்டி நெப்டியூன் என்று கொண்டால் தரவு எளிதாக விளங்கிவிடுகிறது என்றது. உயிரற்ற ஹைசியன் கோளில் இவ்வளவு மீத்தேன் சேர்வதுதான் கடினம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். பின்னர் வெப்பின் புதிய கடப்புகளை ஆராய்ந்த ரென்யு ஹூ குழு, கோளின் உட்பகுதி நீர் மிகுந்தது என்ற கருத்துக்கு வலுச் சேர்த்தது. ஆனால் உள்ளே நீர் இருப்பதும் மேலே அலையடிக்கும் கடல் இருப்பதும் வேறு வேறு.

இதே 2023 கட்டுரையில்தான் டைமெத்தில் சல்ஃபைடு முதலில் தலைகாட்டியது, மிக மெல்லிய சாயலாக. தரவைச் சரிசெய்யும் முறைக்கேற்ப அதன் வலு மாறியது. ஒரு வழியில் இரண்டு சிக்மாவைத் தாண்டியது, இன்னொரு வழியில் ஒரு சிக்மாவைக்கூட எட்டவில்லை. குழுவே இதை ஒளிக்காமல் எழுதியிருந்தது.

மூன்று சிக்மா எதை அளந்தது

2025இன் அறிவிப்பு புதிய கருவியால் வந்தது. வெப்பின் நடு அகச்சிவப்புக் கருவி 2024 ஏப்ரலில் ஒரு கடப்பை 6 முதல் 12 மைக்ரான் வரை பதிவுசெய்தது. முந்தைய சாளரத்தோடு இது ஒட்டவில்லை என்பதால் சுதந்திரமான சோதனை என்று குழு வாதிட்டது. அந்த வாதத்தில் நியாயம் உண்டு. இருபது மூலக்கூறுகளைப் பொருத்திப் பார்த்து, அவற்றுள் டைமெத்தில் சல்ஃபைடும் டைமெத்தில் டைசல்ஃபைடும் மட்டுமே தரவை விளக்குகின்றன, அதுவும் மூன்று சிக்மா வலுவோடு என்று முடிவு செய்தார்கள்.

இங்கே சிக்மா என்ற அளவு இரண்டு மாதிரிகளுக்கு இடையிலான ஒப்பீடு. இந்த மூலக்கூறு உள்ள வளிமண்டலம், இல்லாத வளிமண்டலம் இரண்டில் எது தரவோடு கூடுதலாகப் பொருந்துகிறது என்பதையே அது சொல்கிறது. ‘99.7 விழுக்காடு உறுதி’ என்ற மொழிபெயர்ப்பு இதைத் தலைகீழாக்கிவிட்டது. மாதிரிகளின் பட்டியலில் இல்லாத ஒன்று உண்மையான விடையாக இருந்தால், இந்த எண் அதைப் பற்றி எதுவுமே சொல்லாது. அடையாள அணிவகுப்பில் உண்மைக் குற்றவாளி நிற்கவே இல்லையென்றாலும், சாட்சி இருப்பவர்களுள் ஓரளவு ஒத்த முகத்தைக் கைகாட்டிவிடக்கூடும். புறக்கோள் ஆய்வில், இந்த ஒப்பீட்டின் விளைவான பேயஸ் விகிதத்தைச் சிக்மாவாக மாற்றப் புழங்கும் சூத்திரமும், வலுவின் மேல்வரம்பைத் தருவதே தவிர அதன் சரியான மதிப்பை அல்ல.

இந்தச் சந்தேகத்தைச் சோதித்தவர்களில் இருவர் மதுசூதனிடமே முனைவர் பட்டம் பெற்றவர்கள் என்பது இக்கதையின் சுவையான பகுதி. லூயிஸ் வெல்பேங்க்ஸ், மாத்யூ நிக்சன் உள்ளிட்ட குழு 2025 ஏப்ரல் இறுதியில் பட்டியலை 90 மூலக்கூறுகளாக விரித்தது. உடனே டைமெத்தில் சல்ஃபைடுக்கு நிகராகவோ அதைவிட நன்றாகவோ பொருந்தும் பொருள்கள் பல வெளிவந்தன. புரோப்பைன் போன்ற எளிய ஹைட்ரோகார்பன்களும் அவற்றில் இருந்தன. காரணம் வேதியியலில் இருக்கிறது. டைமெத்தில் சல்ஃபைடு என்பது ஒரு கந்தக அணுவின் இருபுறமும் ஒட்டிய இரு மெத்தில் தொகுதிகள். அகச்சிவப்பில் அதன் பெரும்பாலான அடையாளம் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பின் அதிர்விலிருந்து வருகிறது. அந்தப் பிணைப்பு எண்ணற்ற கரிமச் சேர்மங்களுக்குப் பொதுச் சொத்து. அந்தக் கருவியின் குறைந்த பிரிதிறனில் இவற்றைத் தனித்தனியே பிரித்தறிவது கடினம்.

ஆக்ஸ்ஃபோர்டின் ஜேக் டெய்லர் இன்னும் அடிப்படையான கேள்வியைக் கேட்டார். எந்த மூலக்கூறு என்பது இருக்கட்டும், அந்த நிறமாலையில் மேடுபள்ளம் என்று ஏதாவது இருக்கிறதா? எந்த வேதியியலையும் அனுமானிக்காமல் அவர் பொருத்திப் பார்த்தபோது, ஒரு நேர்கோடே போதுமானதாக இருந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரஃபேல் லூகே குழு மே மாதத்தில் வெப்பின் மூன்று கருவிகளின் தரவையும் சேர்த்து ஆராய்ந்து, சான்று போதாது என்று முடித்தது. ஒரு சாளரத்தை மட்டும் தனியே எடுத்தால் கிடைக்கும் விடையும் எல்லாச் சாளரத்தையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் விடையும் ஒன்றுக்கொன்று முரண்படுவதை அவர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

மதுசூதன் குழு பின்வாங்கவில்லை. பட்டியலை 650 வேதிப்பொருள்களாக விரித்து மறுபடி ஆராய்ந்து, டைமெத்தில் சல்ஃபைடு உட்பட விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவே தாக்குப்பிடிக்கின்றன என்றது. எதிர்த்தரப்பு முன்வைத்த பல மூலக்கூறுகள் இத்தகைய கோளில் உருவாக வழியில்லாதவை என்பதும் அவர்கள் தரப்பு வாதம். இது வெறும் பிடிவாதமல்ல. பொருத்தத்தை மட்டும் பார்த்தால் எந்த மூலக்கூறும் உள்ளே நுழைந்துவிடும். வேதியியல் சாத்தியமும் எடைபோடப்பட வேண்டும். ஆனால் அந்தத் தராசைக் கையில் எடுத்தால் அது டைமெத்தில் சல்ஃபைடையும் நிறுக்கும். குழு சொன்ன அளவு பத்து லட்சத்தில் பத்துக்கும் மேல். பூமியின் காற்றில் இருப்பது நூறு கோடியில் ஒன்றுக்கும் கீழ். புற ஊதாக் கதிரில் விரைவில் சிதையும் ஒரு வாயு அந்த அளவுக்குத் தேங்கி நிற்க வேண்டுமானால் அதன் ஊற்று எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

வாயு இருந்தால் உயிர் இருக்குமா

ஒரு பேச்சுக்கு டைமெத்தில் சல்ஃபைடு உறுதியாகிவிட்டது என்றே கொள்ளலாம். அதிலிருந்து உயிருக்குத் தாவ முடியுமா? ஐரோப்பாவின் ரோசெட்டா விண்கலம் 67பி வால்மீனைச் சுற்றிவந்து சேகரித்த தரவை மறுபடி துழாவியவர்கள், அதிலும் இந்த மூலக்கூறு இருந்ததை 2024இல் அறிவித்தார்கள். வால்மீனில் நுண்பாசிகள் கிடையாது. கொலராடோ பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தேனும் கலந்த காற்றின் மீது புற ஊதா ஒளியைப் பாய்ச்சியபோது, உயிரின் துணையின்றியே டைமெத்தில் சல்ஃபைடு உண்டானது. விண்மீன்களுக்கிடையே உள்ள வாயு மேகம் ஒன்றிலும் 2025இல் அது கண்டறியப்பட்டது. தனிமூலக்கூறு ஒன்றை உயிரின் கையொப்பமாக எடுத்துக்கொள்ளும் காலம் முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். எந்தக் கோள், அங்கே வேறு என்ன வாயுக்கள், எந்த விண்மீன், எவ்வளவு புற ஊதா என்ற சூழல் முழுதும் தெரிந்தாலொழிய ஒற்றை வாயுவுக்குப் பொருள் கிடையாது.

காப்பகம் செய்த வேலை

இந்தச் சர்ச்சையில் குறைவாகப் பேசப்பட்ட தரப்பு ஒன்று உண்டு. அமெரிக்காவின் பால்டிமோரில் உள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனம் ஹபிள், கெப்ளர், வெப் ஆகியவற்றின் தரவைப் பொதுக் காப்பகத்தில் வைத்திருக்கிறது. கண்காணிப்பு நேரம் பெற்ற குழுவுக்கு வெப்பில் வழக்கமாக ஓராண்டு தனியுரிமை. அதன்பின் யாரும் எடுத்துக்கொள்ளலாம். டெய்லரின் மறுப்பு ஒரே வாரத்தில் வந்தது. வெல்பேங்க்ஸ் குழுவின் ஆய்வு இரண்டு வாரத்தில் வந்தது. நிறமாலையும் மூலத் தரவும் திறந்திருந்ததாலேயே இது முடிந்தது. 2019இன் நீராவி முடிவு திருத்தப்பட நான்கு ஆண்டும் ஒரு புதிய தொலைநோக்கியும் தேவைப்பட்டன என்பதை ஒப்பிட்டால் வேறுபாடு புரியும்.

தனியுரிமைக் காலத்தை முழுதாக நீக்கிவிட வேண்டும் என்ற வாதமும் இருக்கிறது. அதில் சிறு குழுக்களுக்கு ஆபத்து உண்டு. ஆண்டுக்கணக்கில் உழைத்துத் திட்டம் தீட்டியவர்களை, பெரிய கணினியும் ஆள்பலமும் உள்ள நிறுவனங்கள் ஒரே வாரத்தில் முந்திவிடும். ஹபிள் தரவைத் திட்டமிட்டவரும் அதே தரவைக் காப்பகத்திலிருந்து எடுத்தவரும் ஒரே வாரத்தில் கட்டுரை வெளியிட்ட 2019இன் நிகழ்ச்சி இதற்கு அருகில் நிற்கிறது. ஓராண்டு என்ற நடுவழி இப்போதைக்குப் பொருத்தமாகவே தெரிகிறது. ஊடக அறிக்கை வெளியாகும் அன்றே பகுப்பாய்வு மென்பொருளும் மாதிரிகளின் முழுப் பட்டியலும் வெளியாக வேண்டும் என்ற நிபந்தனைதான் இன்னும் இல்லை. சர்ச்சைக்கு ஊற்றானது அந்தப் பட்டியல்தான்.

மீதமிருக்கும் கணக்கு

வெப்பின் நேரம் இன்னும் 16 முதல் 24 மணி கிடைத்தால் ஐந்து சிக்மாவை எட்டலாம் என்று 2025 அறிக்கை சொன்னது. கூடுதல் கடப்புகள் இரைச்சலைக் குறைக்கும். நிறமாலையில் மேடு உண்டா என்ற டெய்லரின் கேள்விக்கு விடை கிடைக்கும். மேடு யாருடையது என்ற வெல்பேங்க்ஸின் கேள்விக்கு அந்த மணிநேரங்கள் மட்டும் விடை தரமாட்டா. அதற்கு ஆய்வகத்தில் பல நூறு கரிமச் சேர்மங்களின் அகச்சிவப்பு உட்கவர்ச்சியை, கோளின் வெப்பநிலையிலும் ஹைட்ரஜன் சூழலிலும் அளந்து அட்டவணையாக்க வேண்டும். பல மூலக்கூறுகளுக்கு இந்த அட்டவணைகள் அறை வெப்பநிலையில், பூமிக்காற்றின் அழுத்தத்தில் எடுக்கப்பட்டவை. இந்த வேலைக்குத் தலைப்புச் செய்தி கிடைக்காது. நிதியும் எளிதில் வராது.

கே2-18 பியைப் பற்றி இன்று உறுதியாகச் சொல்லத்தக்கவை சிலவே. அதன் வளிமண்டலம் ஹைட்ரஜன் மிகுந்தது. அதில் மீத்தேன் இருக்கிறது. கார்பன் டைஆக்சைடு இருக்க வாய்ப்பு அதிகம்; ஆயினும் 2023இன் தரவை மறு ஆய்வு செய்த குழு ஒன்று அதன் வலுவையும் ஐயுற்றது. டைமெத்தில் சல்ஃபைடு நிறுவப்படவில்லை. கடல் உண்டா என்பது தீர்ப்பாகவில்லை. உயிர் என்ற சொல்லுக்கு இந்தத் தரவில் இன்னும் இடமில்லை.